ஒரு மான், குறி தப்பிய இரண்டு குண்டுகள்

மான் விழுந்துவிட்டது. சுட்டது தான் இல்லை என்று கெல்தே சத்தியம் செய்தான்.

நானும் இல்லை என்றான் உல்துகான்.

இருவரும் பத்தடி தள்ளித் தள்ளிப் படுத்து, ஒரே மூச்சில் சுட்டிருந்தார்கள். மான் ஒன்று. விலாவில் ஓட்டையும் ஒன்று.

வேறு ஊர்களில் இந்த இடத்தில் என் மான், உன் மான் என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள் என்று கேள்வி. கிங்கான் மலையில் வழக்கம் வேறு. சுட்டவன் மானைத் தனக்கென்று வைத்துக்கொள்ளக் கூடாது. கூட வந்தவன் கையில் கொடுத்துவிட வேண்டும். தோல் அவனுக்கு. கறியைப் பங்கு போடுகிறவனும் அவன்தான். சுட்டவனுக்குப் பேர் மட்டும் மிஞ்சும்.

கெல்தேவிடம் பேர் வேண்டிய மட்டும் இருந்தது. தோல்தான் இல்லை.

பத்து நாளில் மகள் புருஷன் வீட்டுக்குப் போகிறாள். கூடவே மான்தோல் படுக்கையும் போக வேண்டும். அதற்கு ஏழு தோல். ஆறு தைத்தாயிற்று.

காலையில் கிளம்பும்போது மனைவி ஊசியை நீட்டிச் சொல்லியிருந்தாள்: "ஏழாவது தோலோட வா. இல்லேன்னா உன் தோலை உரிச்சுத் தைச்சிருவேன். நீளம் பத்தும். அகலந்தான் கொஞ்சம் இடிக்கும்."

ஆகவே, அணிலின் எந்தக் கண் வேண்டும் என்று கேட்டுவிட்டுச் சுடுகிறவன் என்று பேரெடுத்த கெல்தே, இப்போது தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்தான்.

"எனக்குக் கண்ணே சரியாத் தெரியல மச்சான். மானைப் பாறைன்னு நெனச்சேன். சுடும்போது தும்மல் வேற. உன் குண்டுதான் அது."

"பாறையையா இவ்வளவு நேரம் மூச்சப் புடிச்சுக் குறி பாத்த?" உல்துகான் மானுக்கு அந்தப் பக்கம் குந்தினான். "எனக்குக் கை நடுங்குது. பாரு."

கையை நீட்டி, நடுக்கியும் காட்டினான். அவன் தோல் கோட்டு முழங்கையில் கிழிந்திருந்தது. பெண்டாட்டி போய்ச் சேர்ந்து மூன்று வருடம். அவனே போட்ட தையல், போட்ட மறுநாளே வாயைப் பிளந்துவிட்டது. குளிர்காலத்துக்குள் அவனுக்கும் ஒரு தோல் தேவைப்பட்டது.

இப்படியாக, மலையின் இரண்டு பெரிய குறிகாரர்களும் தங்கள் மானத்தைத் தாங்களே வாங்கிக்கொண்டிருந்தார்கள். குதிரைகள் கேட்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

"குண்டை எடுத்துப் பாத்தா தெரிஞ்சிடப் போகுது," என்றான் உல்துகான்.

தெரிந்துவிடும்தான். கெல்தேவின் ஈயக்குண்டு அச்சில் ஒரு கீறல் உண்டு. அவன் வார்க்கிற குண்டு பட்டாணி அளவுதான், ஆனால் அதிலிருக்கும் பிசிறு அந்த வட்டாரத்துக்கே தெரியும்.

கெல்தே முந்திக்கொண்டு கத்தியை எடுத்தான்.

மறுபக்கத்து விலாவில், தோலுக்கு அடியில், குண்டு விரலில் தட்டுப்பட்டது. பிசிறோடு.

உல்துகான் தன் கத்தியைத் தீட்டக் குனிந்த நேரம் பார்த்து, அதை வாயில் போட்டுக்கொண்டான்.

"கெடச்சுதா?"

இல்லை என்று தலையாட்டினான் கெல்தே.

"துளைச்சிக்கிட்டு வெளிய போயிருக்குமோ?"

ஆமாம் என்று ஆட்டினான்.

"அந்தப் பக்கம் ஓட்டையே இல்லையே மச்சான்?"

இதற்கு எப்படி ஆட்டுவது என்று தெரியவில்லை. எல்லாப் பக்கமும் ஆட்டிவைத்தான்.

உல்துகான் மான் பக்கம் குனிந்தான். ஈரலை அறுத்து, ஆவி பறக்கிற முதல் துண்டைக் கத்தி முனையில் குத்தி, கெல்தேவின் உதட்டுக்கு நேரே நீட்டினான்.

சூட்டோடு நீட்டிய ஈரலை மறுத்தால் மலைச்சாமிக்குக் கோபம் வரும். மறுத்தவன் துப்பாக்கிக்கு அப்புறம் ஒரு மிருகமும் மரியாதை கொடுக்காது. வாயைத் திறந்தே ஆக வேண்டும்.

கெல்தே திறந்தான், நாக்கை மட்டும் தூக்காமல். ஈரல் உள்ளே போயிற்று. மென்றால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். மெல்லவில்லை. ஈரலும் ஈயமும் ஒரே விழுங்கில் இறங்கின. கண்ணில் தண்ணீர் முட்டியது.

"அழுவுற அளவுக்கா ருசி?"

உல்துகான் தன் துண்டை நிதானமாக மென்று முடித்தான். எழுந்து, கையைப் புல்லில் துடைத்துவிட்டு, முறைப்படி நிமிர்ந்து நின்று சொன்னான்.

"நான் சுட்டேன். நீ எடுத்துக்க."

அந்த வார்த்தை வந்துவிட்டால் அப்புறம் பேச்சில்லை. கெல்தே தோலை உரித்துச் சுருட்டினான். கறியைப் பாதிப் பாதியாகப் போட்டு, நெஞ்சுக்கறியையும் உல்துகான் பக்கமே தள்ளினான்.

திரும்பும் வழியெல்லாம், உல்துகான் மானைச் சுட்ட கதையை உல்துகானே சொல்லிக்கொண்டு வந்தான். முதல் திருப்பத்தில் மான் நூறடி தூரத்தில் நின்றது. அடுத்த திருப்பத்தில் இருநூறு. ஓடையைத் தாண்டும்போது மான் ஓடிக்கொண்டிருந்தது, உல்துகானும் ஓடும் குதிரைமேல் இருந்தான்.

கெல்தே ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். வாய் இப்போது காலியாகத்தான் இருந்தது.

வழி பிரிகிற இடத்தில் உல்துகான் குதிரையை நிறுத்தினான்.

"என் குண்டு அங்க ஒரு பிர்ச் மரத்துல போய்ப் பொதஞ்சிருக்கு மச்சான். சுட்ட ஒடனே பாத்துட்டேன்."

குதிரையைத் தன் வழியில் திருப்பினான்.

"உன்னோடது ரெண்டு நாள்ல வந்துரும். கழுவி எடுத்து வெச்சுக்க. ஈயம் கெடைக்கிறதே கஷ்டம்."