போலிக்கு ஒரு மணி

“இது போலி.”

பையிலிருந்து ஒரே ஒரு கோல்ஃப் மட்டையை உருவிப் பார்த்துவிட்டுச் சொன்னேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

சித்தப்பா மேஜை மணியை டங்கென்று தட்டினார். எங்கள் கோல்ஃப் கடையில் அதுதான் வழக்கம். போலி மாட்டினால் மணி. கடையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். மட்டைக்குச் சொந்தக்காரர் மூஞ்சி தொங்கிப்போகும்.

இவருக்குத் தொங்கவில்லை. ரிட்டயரான பஸ் டிரைவராம். சட்டைப் பையிலிருந்து குட்டி நோட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

“எதை வச்சும்மா கண்டுபிடிச்சே? ஒண்ணு விடாம சொல்லு.”

“எழுத்தைப் பாருங்க. பெயிண்ட் கோட்டைத் தாண்டி வழிஞ்சிருக்கு. மட்டையோட கழுத்துல சீரியல் நம்பரைச் செதுக்கியிருக்கணும். இது வெறும் அச்சு, நகத்தால சுரண்டினாலே வருது.”

“மெதுவா, மெதுவா… சுரண்டினா… வருது. ம்?”

“தலையும் தண்டும் சேர்ற இடத்துல இந்தக் கறுப்பு வளையம். தடவினா விரல் வழுக்கிட்டுப் போகணும், இதுல இடிக்குது. அப்புறம் பெரிய மட்டையோட தலை டைட்டானியம்னு போட்டிருக்கு. காந்தம் ஒட்டவே கூடாது.”

காந்தத்தைக் கொண்டுபோனேன். லபக்கென்று ஒட்டிக்கொண்டது.

“பிடியை மோந்து பாருங்க. ஒரே டயர் நாத்தம்.”

“முப்பது வருஷம் டயர் மேலேயே உக்காந்திருந்தவன்மா. எனக்கு மணக்கத்தான் செய்யுது.”

எல்லாவற்றையும் எழுதி முடித்து, கடைசியில் ஒரு கோடும் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“இதையெல்லாம் சரி பண்ணிட முடியுமா? பார்க்கிறவங்க அசல்னு நம்பணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“ஓஹோ! பாலீஷ் போட்டு யார் தலையிலயாவது கட்டப் போறீங்களா?”

“ஏய், வாயை அடக்கு” என்றார் சித்தப்பா.

“என்ன அடக்கு? நோட்டு போட்டு எழுதிக்கும்போதே நினைச்சேன். யாரை சார் ஏமாத்தப் போறீங்க?”

“ரெண்டு பேரை” என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல். “ஒண்ணு என் மச்சான். கோல்ஃப் பயிற்சியாளர். இன்னொண்ணு அவரைப் பெத்தவங்க. அதாவது என் மாமியார்.”

“மாமியாரையா?”

“அவங்கதாம்மா இதை எனக்கு வாங்கித் தந்தாங்க. முப்பது வருஷத்துல என்னைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. நான் ரிட்டயர் ஆனேன்னு எண்பது வயசுல தனியா பஸ் ஏறிப் போயி, இதைத் தூக்கிட்டு வந்து, ‘சும்மா வீட்டுல உக்காந்து என் பொண்ணு உயிரை வாங்காதீங்க’ன்னு கொடுத்தாங்க.”

சித்தப்பா சிரித்துவிட்டார்.

“ஞாயித்துக்கிழமை மச்சான் வரார். போலின்னு தெரிஞ்சா எல்லார் முன்னாடியும் அவங்களைப் படுத்தி எடுத்துடுவார். அதுக்கப்புறம் அவங்களைத் தனியா தெருமுனை வரைக்கும்கூட விடமாட்டாங்க.”

நான் பெயிண்ட் டப்பாவைத் திறந்தேன்.

எழுத்தை அழித்துவிட்டுப் புதிதாகப் பூசினேன். நம்பரைச் செதுக்கினேன். வளையங்களையும் பிடிகளையும் சித்தப்பா மாற்றினார். அந்தப் பெரிய மட்டையின் தலையை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

“மச்சான் கையில காந்தம் மட்டும் சிக்காம பார்த்துக்கோங்க” என்று சொல்லி அனுப்பினேன்.

திங்கட்கிழமை காலை. வயதான ஒரு அம்மா கைத்தடியோடு கடைக்குள் வந்தார். வந்த மிடுக்கைப் பார்த்து சித்தப்பாவே எழுந்து நின்றுவிட்டார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நம்ம டிரைவர். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். உதட்டில் விரலை வைத்தார். திரும்பவும் கும்பிட்டார்.

“மாப்பிள்ளைக்குக் கையுறை எடுத்துக் காட்டு” என்றார் அந்த அம்மா, வெளியே கேட்கிற மாதிரி. காட்டினேன். அதைப் புரட்டிக்கொண்டே கிசுகிசுத்தார்.

“நேத்து என் பையன் தடவித் தடவிப் பார்த்துட்டு, ‘பரவாயில்லையே அம்மா, அசலாப் பார்த்து வாங்கியிருக்கியே’ங்கிறான். இவனெல்லாம் பயிற்சியாளர்!”

“ஏன், என்ன ஆச்சு?”

“நான் வாங்கினப்போ எழுத்துல பெயிண்ட் வழிஞ்சிருந்தது. படிக்கிற கண்ணாடியை எடுத்துட்டுப் போகலை, வீட்டுக்கு வந்து அவர்கிட்ட கொடுத்தப்புறம்தான் கவனிச்சேன். ஏமாந்துட்டேன்னு புரிஞ்சுது. இப்ப வழியலை. பைக்குள்ள உங்க கடை ரசீது வேற கிடந்தது. மாப்பிள்ளை இங்கதானே வந்தார்?”

எனக்குப் பொய் வராது. கையுறை டப்பாக்களை அடுக்க ஆரம்பித்தேன்.

“போதும், புரிஞ்சுது. எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட உளறி வைக்காதே.”

“நீங்களே அவர்கிட்ட ஒரு நல்ல வார்த்தை சொல்லலாமே?”

“நல்லா சொன்னே போ! முப்பது வருஷமா திட்டிக்கிட்டிருக்கேன். திடீர்னு நிறுத்தினா அவருக்குச் சந்தேகம் வந்துடாது?”

கையுறையை வாங்கிக்கொண்டு கதவைத் திறந்தார். திறந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

“ஏன் மாப்பிள்ளை, கடை இங்க இருக்கு, காரை அடுத்த தெருவுல விட்டிருக்கீங்க! உங்களை நம்பி எப்படித்தான் பஸ்ஸைக் கொடுத்தாங்களோ!”

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

அந்தத் திட்டு போலி. அரை நிமிஷம்கூட ஆகவில்லை, கண்டுபிடித்துவிட்டேன்.

சித்தப்பாவும் கண்டுபிடித்துவிட்டார் போல. அவர் கை மேஜைக்குப் போவதற்குள், நான் மணியை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினேன்.