துவைகல்லோர வல்லாரை

அவள் வல்லாரையை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

விடிகாலைப் பனி இன்னும் விலகவில்லை. துவைகல்லைச் சுற்றிலும் பச்சைப் பாய் விரித்ததுபோல் கிடந்தது கீரை. என்னமாய்த் தழைத்திருந்தது! பிடுங்கக் கை வரவில்லை. ஆனாலும் பிடுங்கினாள்.

உள்ளே அவள் புருஷன் தூங்கிக்கொண்டிருந்தான். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் அவனுக்கு வேலை. அந்த ஈயம் மூளையைத் தொட்டுவிட்டது என்றார்கள்.

முதலில் தெருப்பெயர் மறந்தது. பிறகு கல்யாணமான ஊர். கார்த்திகை பிறந்ததும் அவள் பெயரே மறந்துபோயிற்று. "இந்தா" என்பான். "ஏம்மா" என்பான்.

பட்டறைக்குப் போகிற வழி மட்டும் மறக்கவில்லை, பாழாய்ப்போன வழி.

கீரையும் நெல்லிக்காயும் மூளைக்குக் காவல் என்று மருத்துவ முகாமில் நர்ஸம்மா சொன்னாள். அன்றிலிருந்து தினமும் வல்லாரைத் துவையல்தான். அவன் ஒவ்வொரு வாய் விழுங்கும்போதும் அந்தப் பச்சை மெல்ல மெல்ல மேலேறுவதாக நினைத்துக்கொள்வாள். தலைக்குள் கொடி விடும். இருட்டில் துழாவும். எங்கோ விழுந்து கிடக்கும் அவள் பெயரைத் தொட்டு எடுக்கும். நினைக்கவே சுகமாக இருக்கும்.

அந்தப் பெருமையை நேற்று நர்ஸம்மாவிடம் சொன்னாள். துவைகல்லோரம் வைத்தேன், தண்ணீர்கூடத் தனியாக ஊற்றுவதில்லை, அவர் துணியை அலசுகிற தண்ணீரே போதும் என்றாள்.

நர்ஸம்மாவின் முகம் மாறியது.

"பட்டறைத் துணியா? ஐயோ, அந்த ஈயமெல்லாம் மண்ணுலதானேம்மா இறங்கும். கீரை அதைத்தானே உறிஞ்சும்?"

பாவி நான், என் கையாலேயே ஊட்டினேனே.

ராத்திரி முழுக்க அழுது தீர்த்துவிட்டு, விடிந்ததும் இங்கே வந்து குந்திவிட்டாள்.

கதவு திறந்தது. அவன் பனிக்குள் நடந்து வந்தான். குவிந்து கிடந்த கீரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"தவமணி."

அவள் பெயர்தான். கையிலிருந்த கீரையைக் கீழே போட்டுவிட்டாள்.

"உன் துவையல்தான் தவமணி. அதுதான் உன் பேரைக் கொண்டாந்து குடுத்துச்சு."

சிரித்துக்கொண்டே குனிந்தான். ஓர் இலையைக் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோனான்.

அவள் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்களைப் பிரித்து இலையை உதிர்த்தாள். கையை விடவில்லை.

"இன்னொரு தரம் கூப்பிடுங்க" என்றாள்.