போட்டியின்றி

"கன்டெஸ்டடா, அன்கன்டெஸ்டடா?" என்று வக்கீல் தமயந்தி கேட்டதும் என் புருஷன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

போச்சுடா என்று நினைத்துக்கொண்டேன். அந்த வார்த்தை காதில் விழுந்தால் போதும், தணிகைவேலுக்குக் கை தானாகக் கும்பிட ஆரம்பித்துவிடும்.

"கன்டெஸ்ட்டுதான் மேடம். மூணு வாட்டி நின்னுக்கீறேன்."

மூன்று முறையும் வார்டு மெம்பருக்கு. மூன்று முறையும் தோல்வி. கே.ஜி.கண்டிகைத் தெருக்களில் அவருக்கு முன்னால் நோட்டீஸோடு நடந்தவள் நான். வந்தவன் போனவனுக்கெல்லாம் டீ போட்டே என் கல்யாண வாழ்க்கை தீர்ந்துபோனது.

வக்கீலம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக விளக்கினார். இது எலெக்‌ஷன் இல்லை, விவாகரத்து. நான் கேட்டு, அவர் முடியாது என்றால் போட்டி வழக்கு. சாட்சி, குறுக்கு விசாரணை, வாய்தா என்று ஆறேழு வருஷம் இழுக்கும். இரண்டு பேரும் சம்மதித்து ஒன்றாக மனு போட்டால் ஆறு மாதத்தில் முடிந்துவிடும்.

எதிர்த்து நிற்பதுதானே இந்த மனுஷனுக்குப் பொழைப்பே! ஆறேழு வருஷத்தில் அடுத்த எலெக்‌ஷனே வந்துவிடும். மறுபடியும் டீ.

ஜன்னல் வழியே முருகன் கோயில் மலையைப் பார்த்தேன். முருகா, நீ இரண்டு பேரைக் கட்டிக்கொண்டு சமாளிக்கிறாய். எனக்கு இந்த ஒரே ஒரு ஆளிடமிருந்து விடுதலை வாங்கிக் கொடுக்கக் கூடாதா?

முருகன் உடனே கேட்டுவிட்டான் போல. தணிகைவேல் பேனாவை எடுத்தார். சண்டையில்லை, சவால் இல்லை, ஒரு சோடா கூடக் கேட்கவில்லை. வக்கீலம்மா நீட்டிய சம்மத மனுவில் சரசரவென்று கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினார்.

அப்பாடா என்று பேனாவை வாங்கினேன்.

"போன வாட்டி ஒரே ஓட்டுல தோத்தேன் இல்ல கயலு? அது யாரு ஓட்டுன்னு அன்னிக்கே தெரியும். பூத்துலேருந்து வந்துகினு இருந்த உன் மூஞ்சியப் பார்த்தேன். திரும்ப எண்ணுங்கன்னு நான் கேட்டனா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரலில் சொன்னார்.

அவர் ஜெயித்துத் தொலைத்தால் இந்தக் கூத்து நிற்காது என்று பயந்து, எதிராளி சின்னத்தில் முத்திரை குத்தியவள் நான்தான். கண்ணில் நீர் முட்டியது, எழுத்தெல்லாம் கலங்கலாகத் தெரிந்தது.

வக்கீலம்மா இடத்தை விரலால் காட்டினார்.

"இங்க போடுங்கம்மா. மாத்திப் போட்டுடாதீங்க."