சிவப்புப் பொட்டு

பிட்ஸ்பர்க் நகரத்தின் இரவுகளை ஃபிலிமில் எடுத்து, நானே பிரிண்ட் போட்ட ஆறு படங்கள். என் முதல் கண்காட்சி.

"ஒண்ணாவது வித்தாத்தான் அடுத்த வருஷமும் சுவர் தருவேன்" என்று கேலரிக்காரி லொரெய்ன் சொல்லியிருந்தாள். விற்ற படத்தின் கீழே சிவப்புப் பொட்டு ஒட்டுவார்கள். கூட்டம் சேரும்போதே என் ஆறு படங்களிலும் பொட்டு இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பாலம் படத்தின் முன்னால் ஒரு பெரியவர் நெடுநேரம் நின்றார்.

"இந்தப் பாலத்துல வச்சுத்தாம்மா என் பெண்டாட்டிகிட்ட சம்மதம் கேட்டேன். இன்னொரு பிரிண்ட் கிடைக்குமா?"

"ஒரு படத்துக்கு ஒரே பிரிண்ட்தாங்க போடுவேன்" என்றேன், பெரிய மேதை மாதிரி.

"வாங்கினவன் கொடுத்து வச்சவன்" என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறிப் போய்விட்டார்.

லொரெய்ன் ஓடி வந்தாள். "அவரை ஏண்டி விட்ட?"

"எல்லாம்தான் வித்துப்போச்சே!"

"மண்ணு வித்துச்சு! ஆசை காட்டறதுக்காக அஞ்சுல நான்தான் பொட்டு ஒட்டினேன். இது ஒண்ணுதான் மிச்சம்னு யாராவது பதறி வாங்கட்டும்னு பாலத்தை மட்டும் விட்டு வச்சேன். அதுல எவ ஒட்டினா?"

ஐந்து விற்று ஒன்று மட்டும் விலைபோகாமல் நின்றால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்களே என்று பயந்த அந்தக் கொடுத்து வைத்தவளான நான், கோட்டுப் பையில் இருந்த மிச்சப் பொட்டுகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "தெரியலையே" என்றேன்.