வேப்பங்குழை

எதிர்க்காற்றில் மிதித்துச் சோர்ந்த வேணி, சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் சைக்கிளை நிறுத்தினாள். நெடும்பயணங்களில் எப்போதும் முந்திப் போகிற அக்கா மரகதம், தான் திரும்பிய பக்கத்தில் ஒரு வேப்பங்குழையைப் போட்டுவிட்டுப் போவாள். இங்கே இரண்டு பக்கமும் ஆடுகள்தான் நின்றன. காலையில் பஞ்சர் ஒட்டியபோது பைகள் மாறி, அக்காவின் மூச்சிரைப்புக்கான இன்ஹேலர் வேணியிடம் வந்திருந்தது. போனில் டவர் இல்லை.

“இங்க ஒரு குழை கிடந்துச்சாம்மா?”

“கிடந்துச்சு. கெடா தின்னுருச்சு,” என்றாள் ஆடு மேய்ப்பவள்.

“எந்தப் பக்கம்?”

“நான் எங்க பாத்தேன்? ரோட்டுல குழையப் போட்டா, ஆடு படிச்சுப் பாத்துட்டா போவும்?” சிரித்தவள், வேணியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

வேணி சைக்கிள் மணியை அடித்தாள். கேட்டால் அக்கா இரண்டு முறை பதிலுக்கு அடிப்பாள். கெடாவின் கழுத்து மணிதான் கிணுகிணுத்தது. மேய்ப்பவள் ஓடிப்போய் அதைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். வேணி மறுபடி அடித்தாள். இடப்பக்கச் சாலையில், வெகு தொலைவில், ஒரு மணி ஒரே ஒரு முறை ஒலித்தது. இரண்டாவதற்குக் காத்திராமல் வேணி மிதித்தாள்.