சுடுதண்ணியின் புகார்

"என் கம்ப்யூட்டர்ல நல்லா ஓடுதே! இவனுக்கு மட்டும் என்ன கேடு?"

சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவர் போட்ட சத்தத்தில், எதிரே உட்கார்ந்திருந்த மச்சான் காபியைத் தன் சட்டைக்குக் கொடுத்துவிட்டான்.

அவர் எழுதிய மென்பொருள், திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துக் காட்டும். கண் தெரியாதவர்களுக்காக எழுதியது. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், திருத்தலாம், குறை இருந்தால் அதற்கான பக்கத்தில் புகார் எழுதலாம். இந்தக் கடைசிச் சலுகையைத்தான் 'சுடுதண்ணி' என்ற புனைபெயரில் ஓர் ஆசாமி கொஞ்சம் தாராளமாகவே அனுபவித்துக்கொண்டிருந்தான்.

"படிக்கிறேன், கேளு. 'ஐயா மேதாவி! உங்க சாஃப்ட்வேரைப் புதுசா யாராலயும் இன்ஸ்டால் பண்ண முடியல. எண்களை உச்சரிக்கிற லைப்ரரியைக் காணோம்னு சொல்லிப் பாதியில படுத்துக்குது. நாளன்னைக்கு ஒரு கண் தெரியாத பொண்ணுக்குப் பரீட்சை. அவ எப்படியோ போகட்டும், நீங்க நல்லா இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்குங்க.' எப்படி இருக்கு?"

"கொஞ்சம் காரம்தான் மாமா."

மச்சானுக்கு அதற்கு மேல் கடுமையாகப் பேச வராது. தன் காலை மிதித்தவரிடமே மன்னிப்புக் கேட்கிற பிறவி. அக்கா வீட்டுக்காரரின் மென்பொருளுக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒத்தாசை செய்ய வருவான்.

"கொஞ்சமா? அஞ்சு பைசா வாங்காம ஊருக்கு உழைக்கிறேன். மரியாதையா கேட்டா செய்ய மாட்டேனா?"

மச்சான் சட்டையை மும்முரமாகத் துடைத்தான்.

"இவனை இப்பவே பிளாக் பண்றேன்."

"பண்ணுங்க மாமா. ஆனா அவன் சொன்னது பொய்னு முதல்ல நிரூபிச்சுட்டா, எல்லார் எதிரிலயும் அவன் மூக்கு உடையுமில்ல?"

இந்த யோசனை அவருக்கு ரொம்பவே பிடித்துவிட்டது.

"உன் லேப்டாப் புதுசுதானே? அதுல இன்ஸ்டால் பண்ணு. பார்த்துடலாம்."

மச்சான் தட்டினான். திரையில் பச்சைக் கோடு நகர்ந்தது, நகர்ந்தது, நின்றது. சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது: 'தேவையான லைப்ரரி கிடைக்கவில்லை.'

"அதெப்படி?" என்று அவர் துருவிப் பார்த்தார். எண்களை உச்சரிக்கிற அந்தச் சின்ன லைப்ரரி, அதாவது இவர் மென்பொருள் இணையத்திலிருந்து இரவல் வாங்கிக்கொள்கிற துணை நிரல், எங்கேயோ இருக்கிற வேறு யாரோ எழுதியது. அந்தப் புண்ணியவான் போன மாதம் அதை இணையத்திலிருந்தே எடுத்துவிட்டிருந்தான். இவருடைய கம்ப்யூட்டரில் பழைய பிரதி ஒன்று பத்திரமாக இருந்ததால், இவருக்கு மட்டும் எல்லாம் சுகமாக ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப சுடுதண்ணி சொன்னது..."

"நீ வாயைத் திறக்காதே!"

ரோஷம் வந்துவிட்டது. அந்த லைப்ரரியையே தானே எழுதிவிடுவது என்று விரல்களைச் சொடுக்கிக்கொண்டு இறங்கினார். முதல் முயற்சியில் அது ஒரு தொலைபேசி எண்ணைக் கோடிக்கணக்கில் உரக்கப் படித்தது.

"யாருங்க அது, நம்ம வீட்ல ஏலம் விடறது?" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டார். மச்சான் மறுபடி தட்டினான். பச்சைக் கோடு இந்தத் தடவை முரண்டு பிடிக்காமல் கடைசிவரை ஓடியது. "வணக்கம், படிக்கத் தயார்" என்றது ஒரு பெண் குரல். இரண்டு பேரும் மேஜையைச் சுற்றிக் குதித்தார்கள்.

"அந்தப் பொண்ணு இன்னிக்கே படிக்க ஆரம்பிச்சுடும் மாமா!" மச்சானுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"படிக்கட்டும். இப்ப அந்தச் சுடுதண்ணியைக் கவனிக்கிறேன்."

"வேண்டாம் மாமா, பாவம். விட்டுடுங்க."

"முடியாது. தன்மானம்னு ஒண்ணு இருக்கு." பிளாக் பொத்தானை அழுத்தியே விட்டார்.

அடுத்த நொடி, எதிரே இருந்த மச்சானின் லேப்டாப் கணீரென்று படித்தது: "சுடுதண்ணி அவர்களே, உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது."

மச்சான் பதறிப்போய் ஒலியைக் குறைப்பதற்குள், அது அழகான உச்சரிப்பில் இன்னொரு தடவையும் படித்துவிட்டது.

"நீயாடா?"

"மன்னிச்சுக்குங்க மாமா. அந்தப் பொண்ணு ஒரு மாசமா எழுதிட்டிருக்கு. 'தங்களுக்கு நேரம் கிடைக்கும்போது தயவுசெய்து'ன்னு. நீங்க திறந்துகூடப் பார்க்கல. நான் சொன்னாலும் 'பார்க்கலாம், பார்க்கலாம்'தான். இதுக்கு முன்னாடி வந்ததெல்லாமும் அப்படித்தான். அதனால, மரியாதையா வந்த புகாரை எடுத்துக் கொஞ்சம் சூடாக்கி மறுபடி போடுவேன். அன்னிக்கே சரி பண்ணிடுவீங்க."

அவர் அவசரமாகப் புகார்ப் பக்கத்தைத் திறந்து கீழே போய்க்கொண்டே இருந்தார். 'தயவுசெய்து', 'சிரமத்துக்கு மன்னிக்கவும்', 'அவசரமில்லை'. ஒன்றுக்கும் பதில் இல்லை. முகம் சுண்டிப்போயிற்று.

அப்புறம்தான் அவருக்கு ஒரு சந்தேகம் தட்டியது.

"சரிடா, தப்பு என்மேலதான். ஆனா உனக்குத் திட்டவே வராதே! இவ்வளவு நறுக்குனு எழுத எங்கே கத்துக்கிட்டே?"

மச்சான் மெதுவாக உள் அறைப் பக்கம் திரும்பினான். கதவில் சாய்ந்து அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"விஷயம் அவனோடது, வார்த்தை என்னோடது," என்றாள் அவள். "கல்யாணமான நாள்லேருந்து உங்ககிட்ட மரியாதையா கேட்டுக் கேட்டு அலுத்துப் போனவ நான்தானே?"