மன்னிச்சுட்டோம்

“அடுப்பை அணைச்சாச்சு. கிளம்பு,” என்றாள் ஜெரால்டின்.

மத்தியானம் பன்னிரண்டரை மணி. அமெரிக்காவில், டொலீடோ ஊரில் அவள் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. கல்லில் முட்டை பொரிகிற சத்தம் வாசல்வரை கேட்டது.

வாசலில் நின்றவனுக்கும் கேட்டிருக்கும். ஆறடி நாலங்குலம், நூற்றுப் பத்து கிலோ. பெயர் ராஸ்கோ டகிள்.

“சரிங்க மேடம்.” தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டான்.

“சரியா குடுத்த ஜெரி!” என்று மேஜையைத் தட்டினான் பனி அள்ளும் லாரி ஓட்டுகிற ஸ்டெஃபன்.

டகிள் செய்தது லேசான காரியமா? போன நவம்பரில் அவன் கொலம்பஸ் ஊரின் அமெரிக்கன் ஃபுட்பால் டீமில் இருந்தான். டொலீடோ ஹெரான்ஸ் டீமின் குவார்ட்டர்பேக் கேலப் பந்தை எறிந்து முடித்துவிட்டான். அரை நொடி கழித்து, விதியை மீறி, டகிள் அவன்மேல் வந்து விழுந்தான். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போச்சு. டீமையே நடத்துகிறவன் ஸ்ட்ரெச்சரில் போனதை ஊரே டி.வி.யில் நூறு தடவை பார்த்தது.

இந்த செப்டம்பரில் அதே டகிளை டொலீடோ டீமே சேர்த்துக்கொண்டிருக்கிறது!

“முதலாளிக்குப் புத்தி பிசகிடுச்சா?” என்றான் ஸ்டெஃபன். “காலை உடைச்சவனைக் கூட்டிட்டு வந்து நடுவீட்ல உக்கார வைக்கிறாரே!”

டகிளுக்கு வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. மோட்டலில் தங்கினான். சொந்த மைதானத்திலேயே அவன் பெயரை அறிவித்தால் ஊளையிட்டார்கள். முதல் எட்டு ஆட்டத்தில் ஐந்து தோல்வி. ஒவ்வொரு தடவையும் அவன் தலைதான் உருண்டது.

“வந்த கால் அப்படி,” என்றாள் ஜெரால்டின்.

ஒன்பதாவது ஆட்டத்தில் கேலப் திரும்பி வந்தான். அறுபதாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். அவன் நேராக டகிளிடம் போய், சிநேகமாக ஹெல்மெட்டோடு ஹெல்மெட்டை முட்டினான்.

“நம்ம பையனுக்கு எவ்வளவு பெரிய மனசு பாரு,” என்று ஜெரால்டின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதையும் சேர்த்து அடுத்த ஒன்பதில் ஏழு வெற்றி. கடைசி வாரம் தட்டுத்தடுமாறி பிளேஆஃபுக்குள் நுழைந்தார்கள். இனி ஒரு தோல்வி என்றாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

முதல் சுற்றில் சுலபமாக ஜெயித்தார்கள். இரண்டாவது சுற்று வெளியூரில், கொட்டுகிற பனியில். நாலு பாயின்ட் முன்னிலை. இன்னும் ஒன்பது நொடி. எதிரணிக்காரன் பந்தை அணைத்துக்கொண்டு எல்லைக் கோட்டை நோக்கிப் பாய்ந்தான். ஒரு கஜம் தாண்டினால் எல்லாம் போச்சு.

டகிள் குறுக்கே விழுந்தான். இந்தத் தடவை சட்டப்படி, சுத்தமாக. பந்து நழுவியது. அதன்மேல் அப்படியே படுத்துக்கொண்டான்.

ஜெரால்டின் கடையில் மூன்று கோப்பை உடைந்தது. ஸ்டெஃபன் முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு முத்தம் கொடுத்தான்.

அடுத்த ஞாயிறு அரையிறுதியில் இரண்டே பாயின்ட்டில் தோற்றார்கள். தோற்றால் என்ன? இருபத்தாறு வருஷமாக டொலீடோ பிளேஆஃபையே பார்த்ததில்லை. டீம் வந்து இறங்கியபோது, ஊர் மொத்தமும் பனியில் நின்று ‘நன்றி’ என்று எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்தது.

மறுநாள் ஜெரால்டின் ஆள் அனுப்பி டகிளைக் கூப்பிட்டாள். கேலப்பும் கூட வந்தான். ஜன்னலோர மேஜை. தட்டு நிறைய வறுத்த கோழி, ஒரு முழு ஆப்பிள் கேக்.

டகிள் சாப்பிட்டு முடித்ததும் அவள் கரண்டியால் கிளாஸைத் தட்டினாள்.

“ராஸ்கோ, ஊர் சார்பா சொல்றேன், கேட்டுக்கோ. அன்னிக்கு நீ செஞ்சதை நாங்க மன்னிச்சுட்டோம்!”

கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

டகிள் எழுந்தான். “ரொம்ப நன்றி மேடம். கோழி பிரமாதம்.” வெளியே கையெழுத்துக்குக் காத்திருந்த குழந்தைகளிடம் போனான்.

“ஆளு தங்கமா மாறிட்டான் கேலப்,” என்றான் ஸ்டெஃபன். “முதலாளி எந்த தைரியத்துல எடுத்தாரோ!”

“அவர் எங்க எடுத்தார்? மூணு தடவை முடியாதுன்னுட்டார். நாலாவது தடவையும் நான் போய் நின்னேன்.”



“நீயா? ஏம்ப்பா?” என்றாள் ஜெரால்டின்.

கேலப் காபியைக் கலக்கினான். “நான் படுத்திருந்தப்போ நீங்க அனுப்பின பூ எதையும் மறக்கல. வைக்க இடமில்லாம நர்சுங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்க. கிறிஸ்துமஸுக்கு அப்புறம், அடுத்த குவார்ட்டர்பேக் யாருன்னு ஊர் பேச ஆரம்பிச்சிடுச்சு. தப்பில்ல. டீம் ஓடணுமே.”

ஸ்டெஃபன் தன் தட்டைத் தள்ளி வைத்தான்.

“எங்களுக்கு வாரத்துல செவ்வாய் ஒருநாள்தான் லீவு. அந்த ஒருநாளும் ஒருத்தன் கொலம்பஸ்லேர்ந்து ரெண்டரை மணி நேரம் பனியில வண்டி ஓட்டிட்டு என்னைப் பார்க்க வருவான். அவங்க சீசன் முடிஞ்சும் நிறுத்தல. ‘வெளியில சொல்லாதே, உங்க ஊர்க்காரங்க என் காரை உடைப்பாங்க, எங்க ஊர்க்காரங்க என்னைக் கோழைம்பாங்க’ன்னு சத்தியம் வாங்கிட்டான். இன்னிக்குத்தான் மீறுறேன்.”

ஜெரால்டின் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“திரும்ப முதல் அடி எடுத்து வெச்சேனே ஜெரி,” என்றான் கேலப், “அப்போ நான் பிடிச்சிருந்தது அவன் தோளைத்தான்.”